பத்து மடங்கு லென்ஸ்: கழுத்தில் தொங்கிய நான்கு வருடம்

இந்த லென்ஸ் என் கழுத்துக்கு வந்து நான்கு வருடம் ஆகிறது. பத்து மடங்கு பெரிதாக்கும் மடக்கு லென்ஸ். கண்ணாடியின் விட்டம் 21 மில்லிமீட்டர், எஃகுக் கூடு. மூன்று கண்ணாடித் துண்டுகளை ஒட்டி ஒன்றாக்கிய வகை, டிரிப்லெட் என்று சொல்வார்கள். மடக்கினால் உள்ளங்கையில் பாதி இடம்கூட அடைக்காது. செடிக்கும் பூச்சிக்கும் உள்ள உறவை ஆராயும் குழுவில் களப்பணி செய்கிறேன். வாரத்தில் பாதி நாள் பயிர்த் திட்டுகளில் இலையைத் திருப்பித் திருப்பிப் பூச்சி எண்ணுவேன். மீதி நாள் காட்டுக்குள், எண் கட்டிய மரக்கன்றுகளின் இலையை எது தின்றது, எவ்வளவு தின்றது என்று குறித்துக்கொள்வேன். இரண்டு இடத்திலும் கையில் இருப்பது இந்த ஒரு லென்ஸ்தான். அதனால் இது பெட்டியைப் பிரித்த மறுநாள் எழுதும் விமர்சனம் இல்லை. தேய்ந்த பொருளைப் பற்றி, தேய்த்தவள் எழுதுவது.

இதற்கு முன்னால் வைத்திருந்த லென்ஸைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கூட்டின் மேல் '30 மடங்கு' என்று பளிச்சென்று பொறித்திருந்தது. தயாரித்தவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை, அதே முத்திரையோடு பல பெயர்களில் விற்கிறார்கள். முப்பது மடங்கு என்றதும் நிறையத் தெரியும் என்று நம்பி வாங்கினேன். தெரிந்தது என்னவோ நடுவில் ஒரு சிறு வட்டம் மட்டும்தான். ஓரமெல்லாம் வளைந்து, எதைப் பார்த்தாலும் விளிம்பில் ஊதாவும் மஞ்சளும் கோடிட்டிருக்கும். இலைப்பேனின் உடம்பு மஞ்சளா வெள்ளையா என்று எழுதவேண்டிய வேலையில், லென்ஸே ஒரு மஞ்சளைக் கொண்டுவந்து சேர்த்தால் என்ன செய்வது? ஒரு வருடத்துக்குமேல் அதை வைத்தே ஓட்டினேன். அது ஏமாற்று என்று கண்டுபிடிக்கும் வழி மிகவும் எளிது. அதை யாரும் முதலில் எனக்குச் சொல்லவில்லை.

வழி இதுதான். லென்ஸின் பெருக்கம் என்பது 250 மில்லிமீட்டரை அதன் குவியத் தூரத்தால் வகுத்தால் வருவது. நல்ல கண்ணுக்குச் சிரமமில்லாமல் தெரியும் மிகக் கிட்டத்துத் தூரம் 250 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டு போடும் கணக்கு. ஆக, பத்து மடங்கு லென்ஸுக்குக் குவியத் தூரம் 25 மில்லிமீட்டர், இருபது மடங்குக்குப் பன்னிரண்டரை, முப்பது மடங்குக்கு எட்டுக்குக் கொஞ்சம் மேல். அறைக்குள் நின்று, எதிர்ச்சுவரில் தூரத்து ஜன்னலுக்கு நேராக லென்ஸைப் பிடித்து, பின்னால் ஒரு வெள்ளைத் தாளை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். ஜன்னல் தலைகீழாகத் தாளில் தெளிவாக விழும் இடத்தில் நிறுத்தி, லென்ஸுக்கும் தாளுக்கும் உள்ள இடைவெளியை அளவுகோலால் அளந்தால் போதும். மில்லிமீட்டர் சுத்தமாக வராது, கண்ணாடிக்கும் தடிமன் இருக்கிறதே. ஆனால் எட்டா இருபத்தைந்தா என்பது சந்தேகமில்லாமல் தெரிந்துவிடும். என்னுடைய அந்த 'முப்பது' கிட்டத்தட்ட 27 மில்லிமீட்டர் காட்டியது. ஒன்பது மடங்கு சொச்சம். இன்னொரு சோதனையும் செய்யலாம். மில்லிமீட்டர் கட்டம் போட்ட தாளை லென்ஸ் வழியாகப் பாருங்கள். ஓரத்துக் கோடுகள் வில்லாக வளைந்தாலோ, கறுப்புக் கோட்டின் பக்கத்தில் நிறம் கசிந்தாலோ அது ஒற்றைக் கண்ணாடி. டிரிப்லெட்டில் வளைவுப் பிழையும் நிறப் பிழையும் பெருமளவு ஈடாகிவிடுவதால் கோடு ஓரம் வரைக்கும் கோடாகவே இருக்கும். இப்போதுள்ள லென்ஸ் இரண்டிலும் தேறியது. வெயிலில் மட்டும் இந்தச் சோதனை வேண்டாம். தாள் பற்றிக்கொள்ளும், கண்ணும் போகும்.

சரி, பத்து மடங்கில் அப்படி என்ன தெரிந்துவிடும் என்று கேட்கலாம். என் வேலையில் தப்பு நடப்பதெல்லாம் அரை மில்லிமீட்டரிலிருந்து இரண்டு மில்லிமீட்டருக்குள்தான். செடிச்சாற்றை உறிஞ்சும் அசுவினி, சிலந்திக்கு உறவான எட்டுக்கால் சிலந்திப்பேன், வெள்ளை ஈயின் குஞ்சு, இலைப்பேன், இவற்றைத் தின்பவை, இவற்றுக்குள் முட்டையிடுபவை எல்லாம் அந்த அளவில்தான் வாழ்கின்றன. வெறுங்கண்ணுக்கு அது புள்ளி. இருபது மடங்குக்குப் போனால் ஆடாமல் பிடிக்க முடியாது. நடுவில் இருக்கும் பத்து மடங்கில்தான் அந்தப் புள்ளிக்குக் கால் முளைக்கிறது.

பழைய லென்ஸ் காலத்தில் நடந்ததைச் சொன்னால் புரியும். அசுவினி எண்ணும் வேலை. செடிக்கு மூன்று இலை, மேலே ஒன்று, நடுவில் ஒன்று, கீழே ஒன்று. இலைக்கு எத்தனை அசுவினி என்று எண்ணி எழுதவேண்டும். அந்தப் பருவத்தின் கடைசியில் எங்கள் எண்கள் விசித்திரமாக இருந்தன. அசுவினியைக் கொல்லும் பொறிவண்டும் ஒட்டுண்ணிக் குளவியும் நிறையத் தென்பட்ட திட்டில்கூட அசுவினி குறையவே இல்லை என்று காட்டின. ஆய்வை நடத்தும் பேராசிரியர் எதுவும் கடிந்து சொல்லவில்லை. ஆல்கஹாலில் போட்டு வைத்திருந்த மாதிரிகளை நுண்ணோக்கியில் வைத்து என்னைப் பார்க்கச் சொன்னார். நான் அசுவினி என்று எண்ணியதில் ஒரு பங்கு உரித்துப்போட்ட வெறும் தோல். அசுவினி வளர்ந்து முடிப்பதற்குள் நான்கு முறை தோலுரிக்கும், அந்த வெள்ளைச் சட்டை இலையிலேயே ஒட்டிக் கிடக்கும். இன்னொரு பங்கு மம்மி. குளவி உள்ளே முட்டையிட்டு, புழு உள்ளிருந்தே தின்று தீர்த்து, மேல்தோல் மட்டும் காகிதம்போல் விறைத்து நிற்கும் அசுவினிக்கு ஆய்வாளர்கள் வைத்த பெயர் அது. செத்ததையும் உரித்ததையும் உயிரோடு இருப்பதாகக் கணக்கில் எழுதியிருக்கிறேன். அந்தப் பருவத்து அசுவினிக் கணக்கு முழுவதையும் ஒதுக்கி வைக்கவேண்டியதாயிற்று. மூன்று மாத உழைப்பு. இன்னும் அதை நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது. அடுத்த வாரமே இந்த லென்ஸை வாங்கினேன்.

இதில் மம்மியைப் பார்ப்பது எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். உயிருள்ள அசுவினி பச்சையாக, ஈரமாக, பேரிக்காய் வடிவில் இருக்கும். முதுகின் பின்பக்கத்தில் இரண்டு சின்னக் குழாய்கள் நீட்டிக்கொண்டிருக்கும். உணர்கொம்பு அசையும். மம்மியோ வைக்கோல் நிறத்தில் உப்பிப் பளபளக்கும், தொட்டால் நகராது, இலையோடு ஒட்டியிருக்கும். கறுப்பு மம்மியும் உண்டு, அது வேறு குளவிக் குடும்பத்தின் வேலை. ஒருவகைக் குளவியின் புழு, காலியான அசுவினித் தோலுக்கு அடியில் இறங்கிக் கூடு பின்னும். அந்த மம்மி ஒரு மேடைமேல் ஏற்றி வைத்ததுபோல் நிற்கும். இவை எல்லாமே பத்து மடங்கில் ஒரு பார்வையில் பிரிந்துவிடும்.

போன பருவத்தில் ஒரு காலை, புதிதாகச் சேர்ந்த மாணவி என் லென்ஸை வாங்கி இலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இது செத்துப்போனதுதானே? ஆனா உள்ளே ஏதோ அசையுது."

வாங்கிப் பார்த்தேன். மம்மியின் பின்புறத்தில் வட்டமாக ஒரு கோடு ஓடிக்கொண்டிருந்தது. உள்ளிருந்து யாரோ கத்தரிப்பதுபோல், கொஞ்சம் வெட்டி, நின்று, திரும்பி, மறுபடி கொஞ்சம் வெட்டி. வட்டம் முழுமையாக மூடுவதற்கு முன்பே மூடி சற்றுத் தூக்கியது. கறுப்புத் தலை ஒன்று வெளியே வந்தது. பிறகு ஒவ்வொன்றாக முன்னங்கால்கள், பிறகு இழுத்து இழுத்து மீதி உடம்பு. இரண்டு மில்லிமீட்டர்கூட இருக்காது. இறக்கை ஈரத்தில் முதுகோடு ஒட்டியிருந்தது. அது இலை நரம்பின்மேல் ஏறி நின்று பின்னங்காலால் இறக்கையை நீவிக்கொண்டது. மூடி இன்னும் ஓரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது, கதவைத் திறந்துபோட்டுப் போன வீடுபோல. முட்டையிலிருந்து இந்த நிமிடம் வரை, வெப்பத்தைப் பொறுத்து, ஏறக்குறைய இரண்டு வாரம். அந்தப் பெண் நோட்டில் எழுதவே மறந்துவிட்டாள்.

காலி மம்மியில்கூடப் படிக்க விஷயம் இருக்கிறது. ஓட்டையின் விளிம்பு வழவழவென்று வட்டமாக இருந்தால் வெளியே வந்தது அசுவினியைக் கொன்ற குளவி, அதாவது பயிருக்கு நண்பன். விளிம்பு பிய்ந்து பல் பல்லாக இருந்தால், அந்த நண்பனுக்குள்ளேயே முட்டையிட்டு அதைத் தின்று வளர்ந்த இன்னொரு குளவி வந்திருக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். ஒரு திட்டில் நன்மை செய்யும் குளவி பெருகுமா தேயுமா என்ற கேள்விக்கு இந்த விளிம்பில் பாதி விடை கிடைக்கிறது. பழைய லென்ஸில் அந்த விளிம்பு ஒரு கறுப்புப் பொட்டு, அவ்வளவுதான்.

பிடிக்கும் விதத்தைச் சொல்லாமல் போனால் விமர்சனம் பாதிதான். புதிதாக வாங்குகிறவர்கள் எல்லோரும் லென்ஸை இலைக்கு மேலே பிடித்து, ஒரு முழம் தள்ளி நின்று பார்க்கிறார்கள். தப்பு. லென்ஸ் கண்ணோடு ஒட்டியிருக்க வேண்டும். பிடித்த கையைக் கன்னத்தில் ஊன்றி, மறுகையால் இலையை லென்ஸுக்குக் கொண்டுவர வேண்டும். இரண்டு கைகளின் விரல்களும் ஒன்றோடொன்று முட்டியிருந்தால் நடுக்கம் சேர்ந்தே ஆடும், படம் ஆடாது. மற்றக் கண்ணை மூடாதீர்கள். முதல் வாரம் தொந்தரவாக இருக்கும், அப்புறம் மூளையே அந்தக் கண்ணை ஒதுக்கிவிடும். ஒரு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நாள் முழுக்க இலை பார்த்தால் மாலையில் தலைவலி உறுதி. நான் மூக்குக்கண்ணாடி போடுகிறவள். 21 மில்லிமீட்டர் அகலம் இருப்பதால் கண்ணாடிக்கு மேலேயே வைத்துப் பார்க்க முடிகிறது. 10, 12 மில்லிமீட்டர் அகலக் குட்டி லென்ஸ்கள் எங்களைப் போன்றவர்களுக்குச் சரிவராது.

இந்த வகை உழைப்பு புதிதல்ல. 1740-இல் ஜெனீவாவில் சார்லஸ் பொன்னே என்ற இருபது வயது இளைஞர், அப்போதுதான் பிறந்த ஒரே ஒரு அசுவினியைத் தனியாக அடைத்து வைத்து, லென்ஸ் வழியாக அதிகாலையிலிருந்து இரவு வரை ஒரு மாதத்துக்கும் மேல் பார்த்துக்கொண்டே இருந்தார். ஆணே அருகில் வராமல் அது 95 குட்டிகளை ஈன்றது. ஆண் துணையின்றி ஒரு பூச்சி இனம் பெருகும் என்பதை உலகம் அப்படித்தான் ஏற்றுக்கொண்டது. ஒரு பூச்சி, ஒரு லென்ஸ், நகராத பொறுமை. பின்னாளில் அவருக்குப் பார்வை மங்கிப்போயிற்று. மற்றக் கண்ணை மூடாதே என்று நான் மாணவிகளிடம் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு அவர் நினைவும் ஒரு காரணம்.

சிலந்திப்பேன் விஷயத்தில் இந்த லென்ஸ் கொஞ்சம் திணறுகிறது, ஆனால் கைவிடவில்லை. வளர்ந்த பெண் பேன் அரை மில்லிமீட்டர்தான். உடம்பின் இரண்டு பக்கமும் கரும்புள்ளி தெரியும், நூலாம்படைக்கு நடுவே கண்ணாடி மணிபோல் உருண்டை முட்டைகள் தெரியும். அதே இலையில் இன்னொரு பேனும் ஓடும். ஆரஞ்சு நிறம், பேரிக்காய் உடம்பு, நீளமான கால், நிற்காத ஓட்டம். ஃபைட்டோசியூலஸ் பெர்சிமிலிஸ் என்று பெயர். சிலந்திப்பேனைத் தின்றே வாழ்வது. அதன் முட்டை நீள்வட்டம், சிலந்திப்பேன் முட்டையைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. உருண்டையா நீளமா என்பதைப் பார்த்துவிட்டால் இந்த இலை இன்னும் சில நாளில் தேறுமா தேறாதா என்று சொல்லிவிடலாம். மருந்து தெளிப்பதா வேண்டாமா என்ற முடிவே அந்த முட்டையின் வடிவத்தில் நிற்கும்போது, லென்ஸ் இல்லாமல் 'பேன் தாக்குதல்' என்று எழுதிவிட்டுப் போவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை.

இந்தப் பேன் என் மனதுக்கு நெருக்கமானதற்கு வேறு காரணமும் உண்டு. அதற்குக் கண் கிடையாது. பிறகு எப்படி அடிபட்ட செடியைத் தேடிப் போகிறது? நெதர்லாந்தில் மார்செல் டிக்கேயும் மாரிஸ் சபேலிஸும் 1980-களில் லிமா பீன்ஸ் செடியை வைத்து இதைத்தான் தேடினார்கள். சிலந்திப்பேன் கடித்த செடி வேறொரு வாசனையை வெளிவிடுகிறது, வேட்டைப் பேன் அந்த வாசனையைப் பிடித்து வருகிறது என்று காட்டினார்கள். 1990-இல் டெட் டர்லிங்ஸ் குழு மக்காச்சோள நாற்றில் இன்னொரு படி போனது. இலையை வெறுமனே கீறினால் பெரிதாக ஒன்றும் இல்லை. கீறிய இடத்தில் புழுவின் வாய்நீரைத் தடவினால் செடி வாசனையை அள்ளி வீசுகிறது, ஒட்டுண்ணிக் குளவி அதைத் தேடி வருகிறது. செடிக்குத் தன்னைக் கிழித்தது கத்தியா புழுவா என்று தெரிகிறது! நான் லென்ஸில் பார்க்கும் ஒவ்வொரு கடித் தழும்புக்கும் பின்னால் அப்படி ஓர் அழைப்பு போயிருக்கும் என்று தெரிந்தபிறகு, இலை பார்க்கும் வேலை அலுக்கவே இல்லை.

இலை ரோமத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பருத்தி ரகங்களில் ரோமம் அடர்ந்த இலையில் தத்துப்பூச்சி குறையும், ஆனால் அதே ரோமத்தில் வெள்ளை ஈக்குக் கொண்டாட்டம். ரோமம் நெட்டுக்குத்தலா படிந்ததா, நுனியில் பசைத்துளி இருக்கிறதா என்பதெல்லாம் லென்ஸில் சுத்தமாகத் தெரிகிறது. இலையை விரல்மேல் மடித்து, மடிப்பின் ஓரத்தைப் பக்கவாட்டில் பாருங்கள். நேராகப் பார்த்தால் ஒன்றும் புரியாது.

காட்டில்தான் இந்த லென்ஸின் குறை வெளியே வருகிறது. வெளிச்சம். மரத்தடி நிழலில், இலையின் அடிப்பக்கத்தை, 25 மில்லிமீட்டர் கிட்டத்தில் பார்க்கவேண்டும். என் தலையே வெளிச்சத்தை மறைத்துக்கொள்கிறது. விளக்கு பொருத்திய லென்ஸ்கள் வருகின்றன. இதில் அது கிடையாது, தனி வளையமாக வாங்கி மாட்டவும் வசதி வைக்கவில்லை. நான் தலைவிளக்கைக் கழற்றி இடது மணிக்கட்டில் சுற்றிக்கொள்கிறேன். பக்கவாட்டில் சாய்வாக விழும் வெளிச்சத்தில் மேடும் பள்ளமும் நன்றாக எழுந்து தெரியும் என்பதால், யோசித்துப் பார்த்தால், நேர் விளக்கைவிட அதுவே மேல்.

அப்படிப் பார்த்ததுதான் டொமேஷியா. எதோ ஒரு இலையைப் பறித்து அடிப்பக்கம் திருப்புங்கள். நடுநரம்பிலிருந்து கிளை நரம்பு பிரியும் மூலையைப் பாருங்கள். எல்லா மரத்திலும் இருக்காது, ஆனால் இருக்கிற மரத்தில் அந்த மூலையில் ஒரு சிறு குழியோ, பையோ, ரோமக் கொத்தோ இருக்கும். காப்பி இலையில் குழி, திராட்சை இலையில் ரோமக் கொத்து. வெறுங்கண்ணுக்கு அது இலையின் பரு. நானும் முதலில் நோய் என்றுதான் குறித்திருந்தேன். லென்ஸை வைத்து, மணிக்கட்டு விளக்கைச் சாய்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தால், ரோமங்களுக்கு நடுவே ஏதோ மினுக்கும். கொஞ்சம் பொறுத்தால் ஒரு பேன் வெளியே வந்து வாசலில் நின்று திரும்பிப் போகும். உள்ளே முட்டை இருக்கும், உரித்த தோல் இருக்கும். ஒரு குடித்தனமே நடக்கும். ஸ்வீடனைச் சேர்ந்த அக்செல் லுண்ட்ஸ்ட்ரோம் 1887-இல் இவற்றை விவரித்து, வீடு என்ற பொருளில் டொமேஷியா என்று பெயர் வைத்தார். செடி ஏன் பேனுக்கு வீடு கட்டிக் கொடுக்கவேண்டும்? இந்த வீட்டில் குடியிருக்கும் பேன்களில் பலவும் இலையைத் தின்பவை அல்ல. இலைமேல் படரும் பூசணத்தையோ மற்றப் பேன்களையோ தின்பவை. காட்டுத் திராட்சையில் செய்த சோதனை ஒன்று 2000-இல் வெளியானது. பூசணம் தின்னும் பேன் குடியிருந்த இலையில் சாம்பல் நோய் குறைந்தது. அந்தப் பேன் இலையில் தங்குவதற்கே டொமேஷியா வேண்டியிருந்தது. எங்கள் கன்றுகளில் டொமேஷியா உள்ள இனம், இல்லாத இனம் என்று தனிப் பத்தி போட்டு எழுத ஆரம்பித்ததே இந்த லென்ஸ் வந்த பிறகுதான்.

காட்டில் இன்னொரு இடத்திலும் இதற்கு முழு மதிப்பெண். அத்தி. 'அத்திப் பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் புழு' என்று பழமொழி சொல்லி வைத்தவர்கள் பார்த்தது உண்மை. ஆனால் அவர்களிடம் லென்ஸ் இல்லை. அவை குளவிகள். கனியாத அத்திக் காய் ஒன்றைச் சரியான நாளில் பிட்டால், உள்சுவர் முழுக்க நூற்றுக்கணக்கான சின்னப் பூக்கள், அவற்றில் சில உப்பியிருக்கும். அந்த உப்பலுக்குள் ஒவ்வொன்றிலும் ஒரு குளவி. முதலில் வெளியே வருவது ஆண். இறக்கை இல்லாத, மங்கலான மஞ்சள் உடம்பு, புழு என்று நினைக்கத்தான் தோன்றும். அது உப்பலைக் கடித்துத் துளைத்து, உள்ளே இன்னும் வெளிவராத பெண்ணோடு சேரும். பிறகு ஆண்கள் கூடிக் காயின் சுவரைக் குடைந்து வழி போடும். வழி போட்டுவிட்டு அங்கேயே சாகும். கறுத்த பெண்கள் மகரந்தத்தைச் சுமந்துகொண்டு அந்த வழியாகப் பறந்துபோகும், அடுத்த காயின் வாசலில் நுழையும்போது இறக்கையை இழக்கும், முட்டையிட்டு, மகரந்தம் சேர்த்து, அதற்குள்ளேயே முடிந்துபோகும். உலகத்தில் எழுநூறுக்கு மேற்பட்ட அத்தி இனங்கள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை தமக்கென்று தனிக் குளவியை நம்பித்தான் இருக்கின்றன. ஒரு தடவை உடம்பைவிட நீண்ட ஊசியோடு ஒரு குளவி காயின் வெளிச்சுவரில் நின்று, ஊசியை வளைத்து உள்ளே இறக்கிக்கொண்டிருந்ததை இந்த லென்ஸில் நான்கு நிமிடம் பார்த்தேன். மகரந்தமும் சேர்க்காமல் வெளியிலிருந்தே முட்டையிடும் வகை அது. முட்டியில் எறும்பு கடித்ததை எழுந்த பிறகுதான் உணர்ந்தேன்.

இத்தனை புகழ்ந்த பிறகு, இதால் முடியாததையும் சொல்லவேண்டும். இனத்தை உறுதி செய்ய இந்த லென்ஸ் போதாது. 'மாவுப்பூச்சி' என்று சொல்லலாம், எந்த மாவுப்பூச்சி என்று சொல்லக்கூடாது. அதற்குப் பதப்படுத்தி, கண்ணாடிச் சில்லில் ஏற்றி, நுண்ணோக்கியில் பார்க்கவேண்டும். ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், மரவள்ளி மாவுப்பூச்சியின் கதை இருக்கிறது. 1970-களில் அது ஆப்பிரிக்காவில் நுழைந்து மரவள்ளியைச் சூறையாடியது. தென்னமெரிக்காவிலிருந்து வந்தது என்று யூகித்து, அதன் இயற்கை எதிரியைத் தேடி அங்கே போனார்கள். கண்டத்தின் வடபகுதியில் அச்சு அசலாக அதேபோல் ஒரு மாவுப்பூச்சி கிடைத்தது. ஆனால் அது வேறு இனம். ஆப்பிரிக்காவில் இருந்ததில் பெண்கள் மட்டுமே, ஆணில்லாமலே பெருகும். இதில் ஆணும் உண்டு. அசல் பூச்சி 1981-இல் பராகுவேயில்தான் கிடைத்தது, கூடவே அதைக் கொல்லும் சிறு குளவியும், அனாகைரஸ் லொபேசி. அதே வருடம் நைஜீரியாவில் விட ஆரம்பித்து, பிறகு மரவள்ளி விளையும் நாடு நாடாகப் பரப்பினார்கள். அந்த வேலைக்குத் தலைமை தாங்கிய ஹான்ஸ் ஹெரனுக்கு 1995-இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. ஒரே மாதிரித் தெரியும் இரண்டு வெள்ளைப் பூச்சிகளைப் பிரித்தறிந்ததால்தான் அந்தப் பயிர் பிழைத்தது. அதனால் லென்ஸில் பார்த்தது சந்தேகமாக இருந்தால், எண்ணுங்கள், ஆல்கஹாலில் போடுங்கள், சீட்டில் தேதியும் செடியின் பெயரும் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும்.

ஆல்கஹால் என்றதும் ஞாபகம் வருகிறது. லென்ஸை அதைக்கொண்டு துடைக்காதீர்கள். மூன்று கண்ணாடிக்கு நடுவே இருப்பது ஒட்டுப்பசை, அதற்குள் எதுவும் கசியவிடக்கூடாது. ஊதி, மென்மையான பஞ்சுத்துணியால் துடைத்தால் போதும். மழைக்காலத்தில் ஈரத்தோடு பைக்குள் போட்டு மூடி வைத்தால் கண்ணாடியில் பூசணம் பிடிக்கும். எங்கள் குழுவில் இன்னொருவருடைய லென்ஸ் அப்படித்தான் போயிற்று, வேர் படர்ந்ததுபோல் வெள்ளைக் கோடுகள். நான் இரவில் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வைக்கிறேன்.

உண்மையான குறை என்று சொன்னால் கீல் திருகாணி. நாலாவது மாதத்திலேயே தளர்ந்துவிட்டது. திறந்தால் லென்ஸ் தலைகுப்புற விழும், ஒரு கையால் பிடித்துப் பார்க்கவே முடியாது. விற்றவர்களுக்கு இரண்டு முறை எழுதினேன், பதில் இல்லை. இவ்வளவு நல்ல கண்ணாடியைச் செய்யத் தெரிந்தவர்கள் ஒரு திருகாணியில் இப்படி அலட்சியம் காட்டலாமா என்று கோபம்தான் வந்தது. கடைசியில் திருகாணியை இறுக்கி, மேலே ஒரு சொட்டு நகப்பூச்சு விட்டேன். இப்போது வருடத்துக்கு ஒருமுறை அதைச் செய்கிறேன். கூடவே வந்த கறுப்புக் கயிறும் சரியில்லை. காட்டுச் சருகில் கழன்று விழுந்து இரண்டு மணி நேரம் தேடியிருக்கிறேன். ஆரஞ்சு நிறக் கயிறு மாற்றிய பிறகு அந்தத் தொல்லை இல்லை.

இருபது மடங்கு டிரிப்லெட்டும் என்னிடம் இருக்கிறது. மேசையில், பறித்து வந்த இலைக்கு, பேன் முட்டை எண்ணுவதற்கு நல்லது. களத்தில் அதை எடுப்பதே இல்லை. பன்னிரண்டரை மில்லிமீட்டர் கிட்டத்தில் போனால் உயிருள்ள எதுவும் நின்று முகம் காட்டாது, வெளிச்சமும் உள்ளே போகாது. செல்பேசியில் மாட்டும் கிளிப் லென்ஸ் படம் எடுத்து அனுப்ப உதவும். ஆனால் மம்மியா உயிரா என்று பார்க்க இலையைச் சற்றே சாய்த்து, பூச்சியை ஒரு முடியால் தொட்டு, அசைகிறதா என்று காத்திருக்கவேண்டும். அதைத் திரையைப் பார்த்துக்கொண்டு செய்ய எனக்கு வரவில்லை.

ஐந்துக்கு நான்கரை. அரை மதிப்பெண் திருகாணிக்குப் போயிற்று. அந்த மாணவி அடுத்த மாதமே இதே லென்ஸை வாங்கிவிட்டாள். பெட்டியைப் பிரித்ததும் ஜன்னலுக்கு நேராகப் பிடித்து, தாளை நகர்த்தி, அளவுகோலை வைத்தாள். 25 மில்லிமீட்டர். அப்புறம் என்னிடம் நகப்பூச்சு கேட்டாள்.